மூன்று பேர் சீட்டில் நான்காவது இடம்

எங்கள் பிரஸ் ஷாப்பில் யாரும் பேச மாட்டோம். பேசினாலும் கேட்காது. இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் இயந்திரங்கள் வரிசையாக நின்று நாள் முழுக்க இடித்துக்கொண்டே இருக்கும். காதில் இயர் பிளக் இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. அதனால் எங்களுக்கு எல்லாமே கைதான். முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. வயிற்றைத் தட்டினால் சாப்பாடு. இரண்டு உள்ளங்கையாலும் காற்றைத் தள்ளினால் நகரு, வழி விடு. ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் சிரிப்பாக இருந்தது. போகப் போக வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்குள்ளேயும் நான் கையால்தான் பேசிக்கொண்டிருந்தேன். "வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினு கீற?" என்று மனைவி கத்துவாள். அதற்கும் கையைத்தான் ஆட்டுவேன்.

மகளுக்கு ஒன்றரை வயதில் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. மனைவி அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எது வந்தாலும் முதலில் கோபம்தான் வரும். டாக்டர் மேல் கோபம், ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை எடுக்கச் சொன்ன வாட்ச்மேன் மேல் கோபம், ஒரு பாவமும் அறியாத பெஞ்சை எட்டி உதைத்துக் காலில் ரத்தம் கட்டியதுதான் மிச்சம். கோபம் அடங்கியதும் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். பிரஸ் ஷாப் சைகைகளை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் சூப்பர்வைசரைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். கட்டை விரலைச் சாய்த்துப் பால் கேட்பாள். முஷ்டியைத் தூக்கி மாமன் கொஞ்சுவதை நிறுத்துவாள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வயது முடிந்ததும் அரசுக் காப்பீட்டில் காதுக்குள் கருவி வைத்தார்கள். வெளியே காதின் பின்னால் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒயர், தலையில் காந்தத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு வில்லை. ஆபரேஷனுக்காக அடித்த மொட்டையையே வல்லக்கோட்டை முருகன் ஏற்றுக்கொள்ளட்டும் என்றேன். "சாமிகிட்டயே ஏமாத்து வேலையா?" என்று மனைவி முடி வளர்ந்ததும் கோயிலில் இன்னொரு மொட்டை போட்டாள்.

கருவி வைத்துவிட்டால் பேசிவிடுவாள் என்று நினைத்தேன். அப்படி இல்லையாம். கேட்பதற்கே மூளை பழக வேண்டும், பிறகுதான் பேச்சு. வாரத்தில் இரண்டு நாள் எழும்பூர்ப் பக்கம் ஒரு பயிற்சி மையத்துக்குப் போக வேண்டும். மனைவி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் ஜெனரல் ஷிப்ட். அவளால் ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடியாது. நான் கூட வேலை செய்பவர்களிடம் கெஞ்சி அந்த இரண்டு நாளும் மதிய ஷிப்ட் வாங்கிக்கொண்டேன். காலையில் பைக்கில் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன், அங்கிருந்து மின்சார ரயில். திரும்பி வந்ததும் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அண்ணியிடம் விட்டுவிட்டு வேலைக்கு ஓட்டம்.

நாலு மாதம் ஆயிற்று. ஒரு சத்தம் வரவில்லை. பயிற்சி தரும் அம்மா ஒருநாள் நாங்கள் இருவரும் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாப்பா கட்டை விரலைச் சாய்த்தாள், நான் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

"சார், நீங்க கையிலயே எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துட்டா அவ எதுக்கு வாயைத் தொறக்கணும்?" என்றார். "சைகை தப்புன்னு சொல்லல. ஆனா இப்பதான் காது வந்திருக்கு. நாலு வயசு ஆகப்போகுது. இந்த வருஷம் விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம். ட்ரெயின்ல வர்றீங்கல்ல? கையைக் கட்டிக்கிட்டு, கண்ணுல படறதையெல்லாம் சத்தமா பேசிக்கிட்டே வாங்க."

வேறு எந்த அப்பனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். பிள்ளைக்கு நல்லது செய்கிறேன் என்று நானே அவள் வாயைப் பூட்டி வைத்திருந்தேன்.

அடுத்த முறை ரயிலில் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். பேச வேண்டும். என்ன பேசுவது? எதிரில் நாலு பேர் பார்க்கிறார்கள். "மரம்" என்றேன். "இன்னொரு மரம்" என்றேன். அத்தோடு என் சரக்கு தீர்ந்துவிட்டது. பொத்தேரி தாண்டியதும் பாப்பா கட்டை விரலைச் சாய்த்தாள். நான் கவனிக்காதது போல இருந்தேன். என் முகத்தருகே வந்து மறுபடி சாய்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். ரயிலே அதிர்கிற மாதிரி அழுகை.

"யோவ், கொழந்த தண்ணி கேக்குது, குடுக்க மாட்டியா?" என்றார் ஒருவர். "நீயெல்லாம் அப்பனா?" என்றார் இன்னொருவர்.

"வாயால கேக்கட்டும், குடுக்கறேன்! உங்க வேலையப் பாத்துகினு போங்க!" என்று கத்திவிட்டேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

கதவோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த கொய்யாப்பழக்கார அம்மா எழுந்து வந்தார். கூடையைக் கீழே இறக்கி, என் காலருகே தரையிலேயே உட்கார்ந்தார்.

"இன்னா நைனா, கொயந்த தலையில ஒட்டிகினு கீதே, இன்னா அது?"

எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். காது, ஆபரேஷன், பிரஸ் ஷாப், நாலு வயது. அந்த அம்மா என் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்து, பாப்பாவின் காதுப் பக்கம் குனிந்து, "தண்ணி... தண்ணி... தண்ணி" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுக் கொடுத்தார். பிறகு எழுந்து நின்றார். பழம் விற்கிற குரல் அல்லவா, நாலு பெட்டிக்குக் கேட்கும்.

"இந்தாங்க, அல்லாரும் கேட்டுக்குங்க! இந்தப் பாப்பா கைய ஆட்டிச்சுன்னா ஒருத்தரும் எதுவும் குடுக்கக் கூடாது. வாயால பேர சொல்லிட்டுதான் குடுக்கணும். இன்னா, புரிஞ்சுதா?"

"நீயெல்லாம் அப்பனா" என்று என்னைத் திட்டிய ஆள்தான் முதலில் தலையாட்டினார்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது. அந்த வண்டி, அந்தப் பெட்டி, செவ்வாயும் வெள்ளியும். கல்லூரிப் பெண்கள் வளையலைக் காட்டி "வளையல்" என்பார்கள். என்னைத் திட்டியவர் பல்லாவரத்தில் ஏதோ ஆபீசில் வேலை. ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் அவளைத் தூக்கி ஜன்னலில் காட்டி "ஊரப்பாக்கம் வந்தாச்சு", "வண்டலூர் வந்தாச்சு" என்று உரக்கச் சொல்வார். அவருக்கு வெட்கமே கிடையாது. எனக்குத்தான் மெல்ல மெல்ல வெட்கம் போயிற்று. புதிதாக யாராவது ஏறிப் பாப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டினால், பக்கத்தில் இருப்பவர், "கைய காட்டாதீங்க சார், பேசுங்க" என்பார். அவருக்கு அதை வேறு யாரோ சொல்லியிருப்பார்கள். என் பெயர்கூட அங்கே யாருக்கும் தெரியாது. நானும் யார் பெயரையும் கேட்டதில்லை.

எங்கள் வண்டியில் இன்னொரு வழக்கம் உண்டு. மூன்று பேர் சீட்டில் நாலு பேர் உட்காருவோம். எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஆனால் கூடுவாஞ்சேரிக்கு மேல் கூட்டம் ஏறினால் நாலாவது ஆள் வந்து "கொஞ்சம் தள்ளுங்க" என்பார். உடனே மூன்று பேரும் இடுப்பை ஒடுக்கிக்கொள்வார்கள். நாலாவது ஆளுக்குப் பாதி இடம்தான் கிடைக்கும், ஒரு கால் நடைபாதையில் தொங்கும். ஆனாலும் உட்கார்ந்துவிடலாம். கொய்யாக்கார அம்மா யாருக்காவது இடம் பிடித்துக் கொடுக்கும்போது மரியாதையெல்லாம் வைக்க மாட்டார். வயசானவர், கைக்குழந்தைக்காரி, யார் நின்றாலும் சீட்டில் இருப்பவரைப் பார்த்து "தள்ளு நைனா, தள்ளு, தள்ளு!" என்பார். பாப்பா அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாள். எவ்வளவு பெரிய ஆளும் நகர்கிறானே!

ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை. ஐந்தாம் மாதம் போயிற்று, ஏழாம் மாதம் போயிற்று. சத்தம் கேட்டால் திரும்புவாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவருவாள், வாய் மட்டும் திறக்காது. நாலாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம். மனைவி அவளை மடியில் வைத்துக்கொண்டு "அம்மா சொல்லு கண்ணு, அம்மா" என்று கெஞ்சினாள். பாப்பா அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். அன்று என் மனைவி சாப்பிடவில்லை. ரயிலுக்குப் போவதே வீண் என்று எனக்கும் தோன்றத் தொடங்கியது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை பைக் பஞ்சர். எங்கள் வண்டியைத் தவறவிட்டு, பின்னால் வந்த வண்டியில் ஏறினோம். செங்கல்பட்டிலேயே நிரம்பி வந்திருந்தது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கொய்யாக்கார அம்மா மட்டும் எங்களைக் காணாமல் பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தார் போல. கூடையோடு எங்கள் பின்னாலேயே ஏறினார். ஜன்னலோரம் ஒரு கனத்த ஆள் காலை அகட்டி உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய பை ஒரு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பாப்பா என் முழங்காலைக் கட்டிக்கொண்டு தள்ளாடினாள்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் வாயைத் திறந்தால் சண்டையாகிவிடும். பழக்கதோஷம், இரண்டு உள்ளங்கையாலும் காற்றைத் தள்ளிக் காட்டினேன், பிரஸ் ஷாப்பில் காட்டுகிற மாதிரியே. அவர் போனிலிருந்து தலையைத் தூக்கினால்தானே?

பாப்பா என் கையைப் பார்த்தாள். அந்த ஆளைப் பார்த்தாள். என் முழங்காலை விட்டுவிட்டு ஒரு அடி முன்னால் போனாள்.

"தல்லு."

கரகரவென்று, அடித்தொண்டையிலிருந்து வந்தது. வேறு ஏதோ பிள்ளை என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவள் அவருடைய முழங்காலில் கை வைத்தாள். "தல்லு! தல்லு!"

அந்த ஆள் திடுக்கிட்டுப் பையை மடியில் எடுத்துக்கொண்டார். பிறகு என்னை முறைத்தார். "இன்னா சார் இது? இத்துனூண்டு புள்ள பெரியவங்கள தள்ளு தள்ளுன்னுது. வூட்ல மரியாத கத்துக்குடுக்கறது இல்லியா?"

வேறு நாளாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அன்று கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. அவருக்குக் கை எடுத்துக் கும்பிட்டேன். அவர் பயந்துவிட்டார்.

"அடப்பாவி மனுசா," என்றது பின்னாலிருந்து கொய்யாக்கார அம்மாவின் குரல். அந்த அம்மாவும் அழுதுகொண்டிருந்தார். "நாலு வருசமா வாய் தொறக்காத கொயந்த அது. நீ இன்னா புண்ணியம் பண்ணியோ, மொத பேச்சு உன்னாண்ட பேசிகீது. எந்திரி, அத்த ஜன்னலாண்ட உக்கார வை!"

விஷயம் தெரிந்ததும் அவர் எழுந்தே விட்டார். பாப்பாவைத் தூக்கி ஜன்னலோரம் உட்கார வைத்து, "இன்னொரு வாட்டி சொல்லு கண்ணு" என்று கேட்டார். இடம் கிடைத்துவிட்டதே, எதற்குச் சொல்வாள்? வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பயிற்சி மையத்தில் நான் சொன்னதைக் கேட்டதும் பயிற்சி தரும் அம்மா பாப்பாவின் பாயில் போய் அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "தல்லு" என்றாள். அவர் தள்ளி உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மனைவியின் தொழிற்சாலையில் போனை வாசல் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் எடுக்க முடியும். திரும்பும் ரயிலில் தாம்பரம் வரைக்கும் அழைத்துக்கொண்டே வந்தேன். ஒரு வழியாக எடுத்தாள்.

"இன்னாங்க, இத்தன வாட்டி கூப்ட்டுகீறீங்க? பாப்பாக்கு ஒண்ணும் இல்லியே?"

"பேசிட்டாம்மா."

கேன்டீன் தட்டுகள் மோதுவது மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள். "அம்மான்னாளா?"

எனக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை. "தள்ளுன்னா. ட்ரெயின்ல ஒரு ஆள் எடத்த அடச்சிகினு இருந்தான். அவனப் பாத்து, தள்ளுன்னா."

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"எடம் குடுத்தானா?"

"குடுத்தாம்மா," என்றேன். "ஜன்னலோரம்."