கதவு திறக்கும் அத்தியாயம்

இரத்தினம்மா களுவாஞ்சிக்குடியை விட்டுப் போனது தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு கையில் உரப்பை நிறைய உடுப்பு, மறுகையில் கால் கட்டிய இரண்டு கோழிகள். மண்முனைத் துறையில் தோணி ஏறி, வாவிக்கு அக்கரையில் கொக்கட்டிச்சோலையில் இருக்கும் கணவன் வழிச் சொந்தக்காரரிடம் போகிறாள் என்று தெருவுக்கே தெரியும். ஏன் போகிறாள் என்பதும் தெரியும்.

அதற்கு முதல் கிழமைதான் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தது. அவளுடைய ஒரே மகன் தங்கராசா றோட்டிலிருந்து ஓடிவந்தான். ஒரே வளவில் இரண்டு வீடுகள். முன்வீடு இரத்தினம்மாவுக்கும் பின்வீடு அவளுடைய தங்கை சீதேவிப்பிள்ளைக்கும் தாய் சீதனமாகக் கொடுத்தவை. இரத்தினம்மா சந்தைக்குப் போயிருந்ததால் முன்வீடு பூட்டிக் கிடந்தது. பெடியன் பின்னால் ஓடிச் சின்னம்மாவின் கதவைத் தட்டினான். எங்கள் வேலிக்கு மேலால் அம்மா அதைக் கண்டாள். கதவு திறக்கவில்லை. கிணற்றடியில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அவனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

போகிற அன்று இரத்தினம்மா முற்றத்தில் நின்று கேட்டதை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"சீதேவி, ஒண்டுதான் கேக்கன். என்ட புள்ள உன்ட கதவத் தட்டினவனா இல்லயா?"

சீதேவிப்பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவன் சவூதியில். இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள் அவளுடைய சேலைக்குள் முகத்தைப் புதைத்திருந்தார்கள்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ அக்கா," என்றாள்.

"நீ பதில் செல்ற அண்டைக்கு வாறன். அண்டைக்குக் குடிப்பம்."

சீதேவிப்பிள்ளை தையல்காரி. பாடசாலைச் சட்டையும், பெரியபிள்ளையாகும் பெண்களுக்குச் சாமத்தியச் சட்டையும் தைத்துத்தான் அவள் குடும்பம் ஓடியது. மற்ற நேரமெல்லாம் வாசிப்பு. இந்தியாவிலிருந்து வந்த பழைய வாரப் பத்திரிகைகளில் சரித்திரத் தொடர்களை மட்டும் கிழித்தெடுத்து, தானே ஊசியால் தைத்துப் புத்தகமாக்கி வைத்திருந்தாள். அரசகுமாரர்கள் சிறு வயதில் பிரிவார்கள். கடைசியில் யாரோ ஒரு கிழவன் உண்மையைச் சொல்ல, கட்டிப்பிடித்து அழுவார்கள். தையல் பழகப் போன நான் ஊசி கோத்ததைவிட அவற்றை வாசித்ததுதான் அதிகம்.

அக்கா போன பிறகு அவள் தானே எழுதத் தொடங்கினாள். ஊர் ஆசிரியர் சிலர் ரோனியோ மிஷினில் அடித்து மாதாமாதம் விட்டுக்கொண்டிருந்த சஞ்சிகையில் அது தொடராக வந்தது. பறங்கியர் காலம். வாவியின் இரு கரைகளிலும் இரண்டு சகோதரிகள். மூத்தவளுடைய மகனைப் பறங்கிச் சிப்பாய்கள் துரத்துகிறார்கள். அவன் நீந்தி வந்து சின்னம்மாவின் கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கிறாள். நெல்மூட்டைகளுக்குப் பின்னால் அவனை ஒளித்துவிட்டு, சிப்பாய்களின் தலைவனைத் தனியே நின்று பேசியே திருப்பி அனுப்புகிறாள். கடைசியில் நிலா வெளிச்சத்தில், வாவியின் நடுவே இரண்டு தோணிகள் அணைகின்றன.

அந்தச் சஞ்சிகைக்காகச் சனம் காத்துக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, யாருடைய வீட்டிலும் யாரோ ஒருவர் குறைவு. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெடியன் தப்பிவிட்டான் என்று வாசிப்பது எப்படியிருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்து நான் உரத்து வாசிப்பேன். சட்டைகளுக்குக் கொக்கி வைக்க வரும் கண்ணகை மட்டும் சும்மா இருக்கமாட்டாள்.

"ஏன்கா, உன்ட கதையில ஒருத்தருக்கும் வயித்துக்குத்தும் வராதா? ராவைக்கு வாவியில நீந்தி வாறான், ஒரு தும்மலும் இல்ல."

"நீ கொக்கிய வை."

"வைக்கன், வைக்கன். அந்தத் தலைவன் ஏன் திரும்பிப் போறான் எண்டு மட்டும் செல்லு. பொம்பிளை பேசினா பறங்கி போயிருவானா? எங்கட ஆள் நான் பேசினா வாசலுக்கும் போறானில்ல."

எல்லோரும் சிரித்தோம். சீதேவிப்பிள்ளையும் சிரித்தாள். கதவு திறக்கும் அத்தியாயம் வந்த மாதம் மட்டும் எல்லோரும் குனிந்து தையலையே பார்த்தார்கள். கண்ணகையும் கொக்கியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சஞ்சிகையில் ஒரு பிரதியைத் துறைக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்து, அக்காவிடம் சேர்க்கச் சொன்னாள் சீதேவிப்பிள்ளை. தொடர் முடியும்வரை ஒவ்வொரு மாதமும் அப்படியே அனுப்பினாள். அக்கரையிலிருந்து பதில் வரவில்லை. துறைத் தோணி சில மாதங்கள் ஓடியது, பல மாதங்கள் ஓடவில்லை.

பிறகு நான் போய்விட்டேன். சைப்பிரஸ், இத்தாலி, லண்டன். ஓரிடத்திலும் கால் தரிக்கவில்லை. எந்த அறையில் இருந்தாலும் இப்படியான கதைகளைத்தான் தேடி வாசித்தேன். வேலை முடிந்து வந்து, காலில் சப்பாத்தோடேயே கட்டிலில் கிடந்து, யாரோ ஒரு ராணி தன் மகனைத் திரும்பக் காணும் பக்கத்தில் அழுவேன். அழுதால் நித்திரை வரும். அந்தக் கதைகள் எனக்குச் செய்த உதவியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வாசிக்க வாசிக்க ஒன்று உறுத்தத் தொடங்கியது. அவற்றில் துரோகி இருக்கிறான், வீரன் இருக்கிறான், பயந்தவர் ஒருவரும் இல்லை. பயந்து ஒரு தாழ்ப்பாளை இழுக்காமல் நின்றவருக்கு அங்கே இடமே கிடையாது. அவரை மன்னிப்பதற்கும் அங்கே வழியில்லை, ஏனென்றால் அப்படி ஒருவர் இருந்ததாகவே கதை சொல்வதில்லை.

சமாதானக் காலத்தில், இரண்டாயிரத்து இரண்டில், திரும்பி வந்தேன். சீதேவிப்பிள்ளைக்குக் கண் மங்கியிருந்தது. மகள்மார் இருவரும் கலியாணம் கட்டியிருந்தார்கள். முன்வீட்டுக் கூரை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அதை வாடகைக்குக் கேட்டு வந்தவர்களை அவள் திருப்பி அனுப்பிவிட்டாளாம். அக்கா வந்தால் எங்கே இருப்பாள் என்று.

"மாமி, அக்கா அண்டைக்குக் கேட்டதுக்குப் பதில் செல்லியிருந்தா வந்திருப்பாதானே?" என்றேன்.

"அதுக்குத்தானே புள்ள எழுதினன்."

"கதையில திறந்திட்டீங்களே."

அவள் மடியில் கிடந்த நூலைச் சுற்றி வைத்தாள்.

"சரித்திரக் கதையில வாறதெல்லாம் செத்த ஆக்கள், புள்ள. அவங்களுக்கு நல்லது நடந்தா ஆருக்கு நட்டம்?"

"உயிரோட இருக்கிற ஆளுக்குத்தானே அனுப்பினீங்க."

அவள் எழுந்துபோய்க் கோழிக்கு அரிசி போட்டாள். அதற்குப் பிறகு நான் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

அந்த வருடம் பாதை திறந்திருந்ததால் கொக்கட்டிச்சோலைக் கோவில் தேருக்கு இந்தக் கரைச் சனம் திரண்டு போனது. சீதேவிப்பிள்ளை உடுத்து, வாசல்வரை வந்து, தலை சுற்றுகிறது என்று திரும்பிவிட்டாள். கண்ணகை போனாள். மறுநாள் காலையில் திருநீறும் வாழைப்பழமும் கொண்டுவந்து மிஷினுக்கு மேல் வைத்தாள்.

"கண்டன்கா, உன்ட அக்காவ. நல்லா மெலிஞ்சி போனாள்."

"என்ன செய்றாள்?"

"ஆட்டோட திரியிறாள். நீ அனுப்பினது அவ்வளவும் வந்து சேந்ததாம். முழுக்க வாசிச்சாளாம். சோக்கா எழுதியிருக்காள் எண்டாள்."

சீதேவிப்பிள்ளை மிஷினைச் சுற்றும் சில்லைப் பிடித்துக்கொண்டாள்.

"வாறாளாமா?"

கண்ணகை என்னைப் பார்த்தாள். ஒருபோதும் வாய் ஓயாதவள், வாழைப்பழத்தை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"செல்லிவிட்டத அப்பிடியே செல்றன், என்னோட கோவிக்கப்படா. 'அவள் கதவத் திறக்கல்ல எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். தனிய, ரெண்டு புள்ளையோட இருந்தவள், நானெண்டாலும் திறந்திருப்பனோ தெரியா. அத விடச் செல்லு. கதையில அந்தப் பொடியன் வாசலில நிண்டு குலம் எண்டும் மானம் எண்டும் ஒரு பக்கத்துக்குப் பேசுறான். என்ட புள்ள அப்பிடிப் பேசத் தெரியாதவன். கதவுக்கு வெளியில நிண்டு அவன் என்ன செல்லிக் கூப்பிட்டவன் எண்டு அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அத மட்டும் செல்லிவிடட்டும்.'"