இரண்டாம் எதிரி

செஞ்சி நீதிமன்றத்திற்குச் சாட்சி சொல்லச் சென்ற நாளில் அவரைச் சந்தித்தேன். கஞ்சி போட்ட வேட்டி; தோளில் சரிகைத் துண்டு. உள்ளே எவர் பெயரை அழைத்தாலும் துண்டை உதறி மீண்டும் போட்டுக்கொள்வார். நான் வந்தது வேறு வழக்குக்கு; ஏரி மீன் ஏலத்தில் நடந்த அடிதடி வழக்கில் அவரும் அவருடைய பங்காளியும் எதிரிகள். குற்றஞ்சாட்டப்பட்டவரை நீதிமன்றத்தில் அப்படித்தான் எழுதுவார்கள்.

“குற்றச்சாட்டுன்னா இன்னா அர்த்தம் சார்?” என்று கேட்டார்.

“குத்தத்தை ஒருத்தர் மேல சுமத்துறது. ஊரறியச் சொல்றதையும் சாட்டுறதுன்னு சொல்லுவாங்க,” என்றேன்.

அவர் முகம் வாடியது.

“ஊரறியவா? கோயில்ல மொதல் மரியாதை எங்க வூட்டுக்குத்தான். இதுல அவன மொதல் எதிரின்னும் என்னை ரெண்டாம் எதிரின்னும் போட்டுக்கீறாங்க. மொதல்ல அடிச்சதே நான்தான் சார்.”

“அத மட்டும் உள்ள சொல்லிடாதீங்க. ஜெயிலுக்குப் போயிடுவீங்க,” என்று அவருடைய வக்கீல் கெஞ்சினார்.

பெயர் அழைக்கப்பட்டது. குற்றச்சாட்டைப் படித்துக் காட்டிய நீதிபதி, “ஒப்புக்கொள்கிறீர்களா?” என்றார். வக்கீல் கண்களை மூடிக்கொண்டார்.

அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “குத்தத்த ஒத்துக்கறேங்க ஐயா. வரிசையத்தான் ஒத்துக்க மாட்டேன்,” என்றார்.

பழியென்றால் பிறரை முன்னே தள்ளுவோரையே கண்டு பழகிய எனக்கு, அவரை எந்த வரிசையில் வைப்பதென்று இன்றுவரை விளங்கவில்லை.