குடை எடுக்காத காலை

"பகலில் கடும் வெப்பம் நிலவும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு கிழக்குக் கரையோரத்தில் இடியுடன் கூடிய மழை பெய்யும். கடற்றொழிலாளர்கள் அவதானமாக இருக்கவும்." வானொலியில் ஒரு பெண் இதை எவ்வளவு சாவகாசமாக வாசித்துவிட்டுப் போகிறாள், கேட்டீர்களா? இரண்டாம் உலக யுத்த காலத்துத் திருகோணமலையில் இப்படி வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பிடித்து உள்ளே தள்ளியிருப்பார்கள்.

நான் அப்போது துறைமுகத்துக் காலநிலைக் கந்தோரில் எழுதுவினைஞன். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். வெப்பமானியைப் பார்ப்பது, மழைமானிக்குள் செத்துக் கிடக்கும் பூச்சியை எடுத்துப் போடுவது, வெள்ளைக்காரத் துரை எழுதும் மறுநாள் அறிக்கையைப் படியெடுப்பது. அது கப்பல்களுக்கு மட்டும் போகும். எதிரிக்குத் தெரிந்துவிடும் என்று பேப்பரில்கூடப் போடமாட்டார்கள். வெயிலைப் பற்றியும் வெளியே பேசமாட்டேன் என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். முன்பின் தெரியாத ஊரில் ஒருவரோடு கதை தொடங்க வெயிலையும் மழையையும் விட்டால் வேறென்ன இருக்கிறது? கச்சான் காற்று நெருப்பாக வீசும். "என்ன தம்பி, வெக்கை கூடிப்போச்சு" என்று யாராவது சொன்னால் பேந்தப் பேந்த முழிப்பேன். திமிர் பிடித்தவன் என்று பெயர் வந்தது. தனிமை என்றால் அப்படியொரு தனிமை.

உப்புவெளியில் மரகதம் அக்கா வீட்டில் அறை எடுத்திருந்தேன். அக்கா கருவாடு காயப்போடுகிறவர். அவருடைய புருஷன், நான் அண்ணர் என்று கூப்பிடுவேன், ஒரு சின்ன வள்ளம் வைத்திருந்தார். அறிக்கையில் மழை என்று கண்டால் மறுநாள் குடையைச் சைக்கிளில் செருகிக்கொண்டு போவேன். நனையப் பயம், வேறொன்றுமில்லை. ஒருநாள் சுள்ளென்ற வெயிலில் குடையோடு இறங்குகிறேன், பின்னால் அக்காவின் குரல்.

"இஞ்சேருங்கோ, தம்பி குடை கொண்டு போறார். இண்டைக்குக் கடலுக்குப் போக வேண்டாம். கருவாட்டையும் அள்ளுவம்."

பின்னேரம் இடி முழங்கிக் கொட்டித் தீர்த்தது. அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், வீடெல்லாம் காலையில் என் கையைப் பார்த்தது. யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. சிரிப்பார்கள், சிலர் சுடச்சுட அப்பம் தருவார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஊரில் என்னை எதிர்பார்த்து நின்ற முகங்கள் அவை மட்டும்தான்.

ஒரு மாலை துரை எங்களை வரிசையாக நிறுத்தினார். காலநிலை வெளியே கசிகிறது, ஆள் அகப்பட்டால் வேலை போவது மட்டுமல்ல, மறியலில் கம்பியும் எண்ண வேண்டும் என்றார். அன்று நான் படியெடுத்த அறிக்கையில் கடும் இடிமழை, பலத்த காற்று என்று இருந்தது. மறுநாள் காலை குடையைக் கதவுக்குப் பின்னாலேயே விட்டேன். அக்கா என் வெறுங்கையைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார்.

"பயமில்லை, போயிட்டு வாங்கோ."

அண்ணரிடம்தான் சொன்னார். எனக்கும் கேட்டது. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சைக்கிளை மிதித்தேன்.

பின்னேரம் வானம் கறுத்தது. இரண்டாம் நாள் வள்ளம் நிலாவெளிப் பக்கம் கரையொதுங்கியது. அண்ணர் ஒதுங்கவில்லை.

அண்ணருக்கு எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த அன்று அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

"குடையை மறந்திட்டீங்களோ, தம்பி?"

"ஓம், அக்கா."

"மறதிக்கு ஆர் என்ன செய்யிறது. சாப்பிடுங்கோ."

சாப்பிட்டேன். அதுதான் இன்றுவரை ஆறவில்லை. யுத்தம் முடிந்தது, கந்தோர் போயிற்று, அந்த ஒழுங்கையில் இப்போது விடுதிகள். இடி வருமென்பதை வானொலி ஊருக்கெல்லாம் சொல்கிறது. நானும் குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குகிறேன். என் கையை யாரும் பார்ப்பதில்லை.