சத்தம் வராத வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சரியாக்க அரை மணி நேரம் போதும் என்று மாமா சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நான் அப்போது ஏழாம் வகுப்பில் படித்தேன். அப்பா கல்ஃபில் ஏ.சி. மெக்கானிக். வெள்ளிக்கிழமை மட்டும்தான் அவருக்கு விடுமுறை. திருவட்டாறுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டின் முன்னறையில், அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் முகம் திரையில் வரும். அதற்காகத்தான் அந்தக் கம்ப்யூட்டரே வாங்கினோம். அது மூன்று வாரமாகப் பேச்சின் நடுவில் தானே அணைந்து தானே எரிந்துகொண்டிருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. மார்த்தாண்டத்தில் ஆறு மாதம் ஹார்டுவேர் படித்தவர். எத்தனை நாள் வகுப்புக்குப் போனார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"பழைய ஓ.எஸ்ஸ அழிச்சிட்டுப் புதுசு போடணும்க்கா. சாயா குடிச்சு முடிக்கதுக்குள்ள செய்து தாறேன்" என்றார்.

அம்மா சாயா போட்டுக் கொடுத்தாள். அன்று மட்டும் ஐந்து முறை போட்டுக் கொடுத்தாள்.

முதலில் கம்ப்யூட்டர் மாமா கொண்டுவந்த சி.டி.யை மதிக்கவே இல்லை. மாமா அதைத் தன் சட்டையில் துடைத்தார், ஊதினார், திருப்பிக்கூடப் போட்டுப் பார்த்தார். ஒருவழியாகத் திரை நீலமானது. கோப்புகள் ஒவ்வொன்றாக ஏற ஆரம்பித்தன. முப்பத்தொன்பது நிமிடம் மிச்சம் என்று திரை சொன்னது. முக்கால் மணி நேரம் கழித்தும் அதையேதான் சொன்னது. பிறகு அணைந்து, மறுபடி எரிந்து, மறுபடி நீலமாகி, முதலில் இருந்து ஏற்ற ஆரம்பித்தது.

"இது ரெண்டாவது கட்டம், கேட்டியா" என்றார் மாமா என்னிடம்.

திங்கட்கிழமை மாலையும் ரெண்டாவது கட்டம்தான் நடந்தது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோதும் அதே நீலம். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறை அணைந்து எரியும்போதும் திரையில் ஒரு வரி வருவதைக் கவனித்தேன். சி.டி.யிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லும் வரி அது. மாமா மிகக் கீழ்ப்படிதலோடு ஒவ்வொரு முறையும் அழுத்திக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரும் அதே கீழ்ப்படிதலோடு ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து தொடங்கியது.

"மாமா, அத அமுக்காம இருந்து பாருங்க" என்றேன்.

"நீ சும்மா இரி. எழுதியிருக்கதப் பாத்துதானே நான் செய்யேன்."

அடுத்த முறை அவர் சாயா கிளாசை எடுக்கத் திரும்பிய நேரம் அந்த வரி வந்து போய்விட்டது. கம்ப்யூட்டர் தானாகவே மேலே நகர்ந்தது. மாமா என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. மூன்று நாள்.

புதன்கிழமை அது இருபத்தைந்து எழுத்து கொண்ட ஒரு எண்ணைக் கேட்டது. சி.டி. உறையில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள். எட்டு எது, ஆங்கில 'பி' எது என்று தெரியாத கையெழுத்து. நான் வாசிக்க, மாமா அடிக்க, கம்ப்யூட்டர் தப்பு என்றது. பதினோராவது முறை ஒப்புக்கொண்டது. அடுத்த நிமிடம் கரண்ட் போனது.

அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "லேய், வெள்ளிக்கிழமைக்குள்ள ஆவுமா ஆவாதா? ஒத்த வார்த்தையில சொல்லு."

"ஆவும்க்கா."

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் திரையில் ஒரு பச்சை வெளியும் நீல வானமும் வந்தன. இணையம் வந்தது. கேமராவில் எங்கள் முகம் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. ஒலிக்கு டிரைவர் என்று ஒரு மென்பொருள் வேண்டும், அது கம்ப்யூட்டர் வாங்கும்போது கொடுத்த மஞ்சள் சி.டி.யில் இருக்கும் என்றார் மாமா. வீடு முழுக்கத் தேடினோம். கடைசியில் அம்மாதான், "மஞ்சளா? அத நான் பயறுல கிளி வராம இருக்கதுக்குக் கெட்டித் தொங்க விட்டேன்லா" என்றாள். பந்தலில் அது ஒரு மழைக்காலம் முழுவதும் ஆடியிருந்தது. பாதி தோல் உரிந்துபோயிருந்தது. மாமா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வாரத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்த ஒரே சமயம் அதுதான்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அப்பா திரையில் வந்தார். பின்னால் இரண்டடுக்குக் கட்டில், காயப்போட்ட துண்டு. உதடு அசைந்தது. எங்கள் பேச்சும் அங்கே போகவில்லை போலிருக்கிறது. காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். அம்மா எதற்கோ தலையாட்டினாள். தான் பேசுவது மட்டுமாவது எங்களுக்குக் கேட்கிறது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பேசத் தொடங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ரஃப் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, 'சத்தம் கேட்கவில்லை' என்று பெரிதாக எழுதிக் கேமராவுக்கு நேரே கொண்டுபோனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இருக்கட்டு மக்கா. அப்பா பேசி முடிக்கட்டு."

அப்பா குனிந்தபடி பேசினார். ஒருமுறை நிறுத்தி, துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி பேசினார். அம்மா இடையிடையே தலையாட்டினாள், எல்லாம் கேட்பதுபோல. கடைசியில் அவர் நிமிர்ந்தபோது, சாப்பிட்டாச்சா என்று கையால் கேட்டாள். அவர் சிரித்தார். பிறகு திரை போனது.

"ஒரு வார்த்தையும் கேக்கல்லியே, பின்ன எதுக்கு அவ்வளவு நேரம் தலையாட்டினிய?" என்று கத்தினேன். ஒரு வெள்ளிக்கிழமையை அவள் வீணாக்கிவிட்டாள் என்று எனக்கு ஆத்திரம். அம்மா எழுந்து முகம் கழுவப் போனாள்.

மறுநாள் காலை மாமா பைக்கில் வந்து இறங்கினார். நாகர்கோவிலில் ஒரு நண்பரிடம் அந்த டிரைவரைப் பிடித்து, பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். முகத்தில் அவ்வளவு பெருமை. அம்மா அவரைக் கம்ப்யூட்டர் பக்கமே விடவில்லை.

"அது பைய பாத்துக்கலாம்லே. வீட்டுக்குப் பின்னால சாய்ப்புல கெடக்குத தையல் மெஷின வெளிய எடு. பெல்ட்டு அறுந்து கெடக்கு. இன்னைக்கே மாத்தித் தரணும்."

மாமா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஒரு வாரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் கருத்து ஒத்துப்போனது அப்போது மட்டும்தான்.

இரண்டு மாதம் கழித்து அப்பா எல்லாப் பெட்டிகளோடும் வந்து சேர்ந்தார். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்பதும், அந்த வெள்ளிக்கிழமை அவர் சொன்னது அதைத்தான் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை எனக்குத் தெரிந்ததெல்லாம், நாங்கள் ஏழு நாள் பாடுபட்ட கம்ப்யூட்டர் ஊமையாக உட்கார்ந்திருக்க, அம்மா துரு ஏறிய மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள் என்பதுதான். இப்போது இதற்கு என்ன அவசரம் என்று வெறுத்துப்போய், மதியம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.