தீராத வயிற்று வலி

போன ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. கேட் திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன்.

"பேசற டாக்டரு வூடு இதானுங்களா?"

ஐம்பது வயது இருக்கலாம் அந்த அம்மாவுக்கு. கை முழுக்கக் கரும்புச் சோகை கீறிய கோடுகள். தோளில் ஒரு துணிப்பை. சின்னசேலம் பக்கத்து ஊர் – என்று வைத்துக்கொள்ளுங்கள், ஊரை மாற்றிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை கவுன்சலிங் ரூம் திறக்காது என்று தெரிந்து, வாட்ச்மேனிடம் கெஞ்சி எங்கள் வீட்டு அடையாளம் கேட்டு வந்திருக்கிறார்.

பேசற டாக்டர் யாரென்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் மாடியில் குடியிருக்கும் நிவேதா. கோயம்புத்தூர் பெண். சைக்காலஜி படித்து முடித்து, முதல் வேலைக்குக் கள்ளக்குறிச்சிக்கு வந்தவள். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கவுன்சலிங். வியாழக்கிழமை மட்டும் வெள்ளிமலை பஸ் பிடித்து, கல்வராயன் மலைக்குப் போய் வருவாள். கூடப் படித்தவர்கள் பெங்களூரில் ஏ.சி. ரூமில் இருக்கிறார்கள். இவளுடைய ரூமில் பாதி இடம் குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகளுக்கு.

வந்த புதிதில் அவள் பட்ட பாட்டை எழுதி, நாம் சேர்ந்து சிரித்திருக்கிறோம். 'ஊசி கெடையாதா? மாத்திரையாவது குடும்மா' என்று கேட்டவர்கள்... 'நான் இப்ப இன்னா நெனைக்கிறேன், சொல்லு பாக்கலாம்' என்று பரீட்சை வைத்த எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார்... 'பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற பொண்ணை யார் கட்டிப்பாங்க?' என்று போனில் அழுத அவளுடைய அம்மா...

'பேசறதெல்லாம் ஒரு வேலையா?' என்று என் கணவர்கூட ஒருநாள் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து 'உம்', 'ஊஹூம்' இரண்டை வைத்தே குடும்பம் நடத்துகிற மனிதர். அவருக்கல்லவா அது பெரிய வேலையாகத் தெரிந்திருக்க வேண்டும்?

அதே மனிதர்தான், 'உன்கிட்ட சொல்றதும் பேப்பர்ல போடறதும் ஒண்ணு' என்பார். மறுக்க முடியாது. அவருடைய குறட்டை வரைக்கும் உங்களுக்குத் தெரியுமே!

ஒருமுறை நிவேதாவிடம் கேட்டேன்: "முதல் தடவை வர்றவங்ககிட்ட அப்படி என்னதான் கேப்பே?"

"நிறையப் பேர் வயித்து வலின்னுதான் வர்றாங்க ஆன்ட்டி. ஸ்கேன்ல ஒண்ணும் இருக்காது. டாக்டர் என் ரூமுக்கு அனுப்புவார். எங்க வலிக்குதுன்னு கேட்டுட்டு சும்மா உக்காந்திருப்பேன். மொதல்ல வயித்தைத்தான் காட்டுவாங்க. நான் அப்பவும் சும்மாவேதான் இருப்பேன்."

சும்மா இருப்பதற்கு ஒரு காலேஜ் படிப்பா என்று அன்றைக்குக் கிண்டல் செய்தேன். இப்போது செய்ய மாட்டேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அந்த அம்மாவை உட்காரவைத்து, காபி கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தார். மாடியை நோக்கிக் குரல் கொடுத்தேன். நிவேதா இறங்கி வந்தாள். பாதிப் படியில் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"எம் பொண்ணு போய்ட்டாம்மா" என்றார் அந்த அம்மா.

"தெரியும்மா... பேப்பர்ல பாத்தேன்."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வியாழக்கிழமை பேப்பரில், உள்பக்கத்தின் மூலையில் ஒரு சின்னச் செய்தி. தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த பெண் தற்கொலை, போலீசார் விசாரணை. காபி குடித்துக்கொண்டே நானும் படித்தேன். அன்று நிவேதா மலையிலிருந்து திரும்பியதிலிருந்து மாடியில் பாட்டுச் சத்தம் இல்லை. பஸ் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

தீராத வயிற்று வலி. இந்த வரியை எத்தனை தடவை படித்திருப்போம்? நம் ஊர்ப் பெண்களுக்கு மட்டும் அப்படியொரு வயிற்று வலி எங்கிருந்து வருகிறது? எழுதிக் கொடுக்கிற வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். எழுதி வாங்குகிற ஏட்டையாவுக்குத் தெரியும். அச்சடிப்பவருக்கும் தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும். தெரிந்தே எல்லோரும் அடுத்த பக்கத்துக்குப் போகிறோம்.

அந்த அம்மா, யாரும் கேட்காமலே அதையும் சொன்னார்.

"வயித்து வலின்னு நாங்கதாம்மா எழுதிக் குடுத்தோம். பொட்டப்புள்ள ஒண்ணு இருக்குது அவளுக்கு. நாளைக்கு அதுக்கு ஒரு பேரு வந்துடக் கூடாதில்ல?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்காண்ட இட்டாந்ததும் வயித்து வலின்னுதான். ஸ்கேனுல ஒண்ணுமில்லன்னு, அந்த ரூமுக்குப் போங்கன்னாங்க. நான் வெளிய பெஞ்சில குந்திக்கினு இருந்தேன். உள்ள பேசிக்கினே கீறா, பேசிக்கினே கீறா... எங்காண்ட அவ்ளோ நேரம் அவ பேசினதே இல்லம்மா. திரும்பிப் போவசொல்ல, பஸ்ல, 'அடுத்த வாரமும் வரணும்மா'ன்னு சொல்லிக்கினே வந்தா."

நிவேதா கீழே, தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதுக்கு முன்னால ஒருக்கா, புருசன் வூட்டுலேர்ந்து பைய எடுத்துக்கினு எங்காண்ட வந்துட்டா. நாந்தான் அனுசரிச்சுக்கினு போடின்னு பஸ் ஏத்தி வுட்டேன். அத உங்காண்ட சொன்னாளா? என்னைத் திட்டினாளா? அத மட்டும் சொல்லும்மா. வேற எதுவும் வாணாம்."

'இல்லைம்மா, உங்களை ஒரு வார்த்தை சொல்லலை' – அவ்வளவுதானே? சொல்லிவிடு பெண்ணே என்று மனசுக்குள் கத்தினேன்.

நிவேதா அந்தக் கீறல் விழுந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா... அங்க அவங்க பேசினது அவங்களோடது. நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுங்கம்மா. உங்ககிட்டகூட. நீங்க எப்ப வேணாலும் வாங்க. நீங்க பேசுங்க, நான் கேக்கறேன். ஆனா அத மட்டும் என்னால..."

அந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை, நம்ப முடியாத பார்வை.

"செத்தவளுக்கு இன்னாம்மா ரகசியம்?"

அவர் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம், "வரேங்க்கா" என்றார். அவளிடம் சொல்லவில்லை. காபி அப்படியே ஆறிக் கிடந்தது.

கேட் மூடியதும் நான் பொரிந்து தள்ளிவிட்டேன். "அப்படி என்ன சட்டம்? ஒரு பொய் சொன்னா குடியா முழுகிடும்? பெத்தவ நிம்மதியாத் தூங்குவா இல்ல?"

"எனக்கும் அதேதான் தோணுச்சு ஆன்ட்டி. சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு." தரையிலிருந்து அவள் எழவே இல்லை. "ஆனா அவங்க பஸ்ஸுல யார்கிட்டயாவது சொல்வாங்க. அந்த ரூம்ல பேசினது வெளிய வரும்னு ஊருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு வயித்து வலின்னு வர்றவங்க வயித்தோடயே நின்னுடுவாங்க."

பிறகு அவளே கேட்டாள்: "சாவுக்காவது போயிருக்கணும், இல்ல? போனா யாருன்னு கேப்பாங்க. என்ன சொல்றது? அவங்க பொண்ணு என்கிட்ட வந்தது அந்த ஊருக்கே தெரியாது."

இறந்த வீட்டுக்குப் போய் ஒரு மாலை போட, ஓரமாக நின்று அழ – ஊரில் யாருக்கும் உள்ள உரிமை. அது இந்தப் பெண்ணுக்கு இல்லை. ஆபரேஷனில் ஒரு உயிர் போனால், டாக்டர்கள் தங்களுக்குள்ளாவது பேசிக்கொள்வார்கள். நர்ஸ்கள் கூடி அழுவார்கள். இவள் அந்த ஆஸ்பத்திரியில் ஒற்றை ஆள். மேலே சீனியர் கிடையாது. 'எங்கேயாவது தவறவிட்டேனா?' என்று கேட்க ஆள் கிடையாது. கேட்டால் தேறுவாள். யாரிடம் கேட்பாள், அந்தக் குளுக்கோஸ் பெட்டிகளிடமா?

ஊரார் துக்கத்தையெல்லாம் இறக்கிவைக்க ஒரு சுமைதாங்கியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டோம். சின்னப் பெண். மூக்கில் பரு மாறாத பெண். அவளுக்கு எங்கே இறக்கிவைப்பது என்று யாராவது யோசித்தோமா? வயிறெரிகிறது எனக்கு.

அன்று முழுக்க அவள் கீழே வரவில்லை. சாப்பாடு கொடுத்தனுப்பினேன், தட்டு அப்படியே திரும்பி வந்தது. 'அவ ஊருக்குப் போயிடுவான்னு நெனைக்கிறேன்' என்றார் கணவர். அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம்! நானே பயந்துவிட்டேன்.

திங்கள் காலை, டீயை எடுத்துக்கொண்டு நானே மாடி ஏறினேன். கதவு ஒருக்களித்திருந்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குத்தான்.

"இன்னிக்கு வரலைங்க சார்... லீவு வேணும்... இல்லைங்க, காய்ச்சல் இல்ல. வயித்து வலிங்க சார்."

டீ புடவையில் சிந்திச் சுட்டது.

போனை வைத்துவிட்டுத் திரும்பியவள் என்னைப் பார்த்தாள். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். உதடு கோணிக்கொண்டது. நான் உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். மிச்ச டீயை அவள் கையில் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தேன்.

"எங்கடா வலிக்குது?" என்றேன்.

அவள் வயிற்றைத்தான் காட்டினாள்.

வாய் மூடாத ஜன்மம் நான். அன்றைக்குச் சும்மா இருந்தேன். வெகு நேரம் சும்மாவே இருந்தேன்.

பிறகு அவள் பேசினாள். மதியம் வரைக்கும் பேசினாள்.

என்ன பேசினாள் என்கிறீர்களா? மன்னிக்கவும், அதை இங்கே எழுத மாட்டேன்.