மச்சாளோட மான் வேட்டைக்குப் போன மூண்டு நாள்

அந்தப் பாலைவனத்தில ஒரு சின்னப் பத்தை நிக்கும். இலையைப் பிய்ச்சுக் கசக்கி மூக்கில வைச்சா மழை மணக்கும்... மழையே இல்லாத இடத்தில! விடியக்காலமைக் குளிரில கை விறைக்க விறைக்க அதை மணந்துகொண்டு நிண்டது இப்பவும் ஞாபகம்.

பாலைவனம் எண்டா எப்பவும் சுடும் எண்டு நம்பி, ரொறன்ரோவில இருந்து அரைக்கைச் சேட்டோட போய் இறங்கின ஆள் நான். ஓ/எல் சோதனையோட படிப்பு நிண்டது. அதிலயும் பூகோளத்திலதான் கோட்டை விட்டனான்.

பத்துப் பன்ரண்டு வருஷம் இருக்கும். மனிசியின்ர தங்கச்சி ஜெசிந்தா அரிசோனாவில இருக்கிறா. ஆஸ்பத்திரியில வேலை. கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெம்பிளை பழக்கிவிட, இவவும் வேட்டையில இறங்கிட்டா. புருஷன் அன்ரன் துவக்கைக் கண்டாலே தள்ளி நிப்பான். அவன்ர பகுதி சமையல்.

அங்க நினைச்ச உடன மான் சுடேலாது. வருஷா வருஷம் குலுக்கலுக்குப் பேர் போடவேணும். விழுந்தா ஒரேயொரு ஆண்மான், அதுவும் சீசன் முடியிறதுக்குள்ள. ஜெசிந்தாவுக்கு நாலு வருஷமா விழேல்லை. ஐஞ்சாம் வருஷம் விழுந்தது.

"அத்தான், சீசன்ர கடைசி மூண்டு நாளுக்குத்தான் லீவு கிடைச்சது. எல்லாரும் வாங்கோ" எண்டா.

நான், மனிசி சுகந்தி, ரொறன்ரோவுக்குக் கிட்ட அஜக்ஸில எங்கட பக்கத்து வீட்டுக் குகன்... மூண்டு பேரும் பிளேன் ஏறினம்.

முதல் ரெண்டு நாளும் நடை, நடை, நடை. கள்ளி முள்ளு உருண்டை உருண்டையாக் காலில ஒட்டும். கையால பிடுங்கப் போனா கையிலயும் ஒட்டும். ஜெசிந்தா பொக்கற்றில இருந்து தலை இழுக்கிற சீப்பை எடுத்து, ஒரே இழுவையில கழட்டிப்போட்டு நடப்பா. நான் அரை மணித்தியாலம் குந்தியிருந்து அழுவன்.

பிறகு பைனாகுலரை முழங்காலில ஊண்டிக்கொண்டு இருப்பா பாருங்கோ... ஒரு மணித்தியாலம், ஆடாமல் அசையாமல். "அத்தான், அந்த மூண்டாவது கள்ளிக்குக் கீழ காது ஒண்டு ஆடுது. பெட்டைமான்." நான் பாத்தா கல்லுத்தான். "ஓம் ஓம், தெரியுது" எண்டு புளுகுவன்.

ரெண்டு நாளும் ஆண்மான் அம்பிடேல்லை. மிச்சம் ஒரு நாள்.

குகன் சொன்னான், "அண்ணை, தேங்காய் உடைக்காமல் வெளிக்கிட்டதுதான் பிழை."

சரியாத்தான் பட்டது. புதுக் கார், புது வீடு, ஏன், வெயார்ஹவுஸில முதல் நாள் வேலைக்குக்கூடப் பிள்ளையாருக்கு உடைச்சிட்டுப் போன ஆள் நான். அண்டு பின்னேரமே பக்கத்து ரவுணுக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கியந்தன். மனிசி வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவ. "விசர் வேலை பாக்காமல் பேசாம இருங்கோ" எண்டா. கேட்டாத்தானே!

விடிஞ்சுது. ஜெசிந்தா முன்னுக்குப் போயிட்டா. நான் நல்ல கல்லாப் பாத்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, ஒரே போடு!

பாலைவனத்தில எவ்வளவு அமைதி எண்டது அப்பதான் விளங்கினது. சத்தம் மலையில முட்டித் திரும்பி வந்தது. அதோட மூண்டு மான், நாலு காலையும் ஒண்டாத் தூக்கி, பந்து மாதிரித் துள்ளித் துள்ளி ஓடுது. நடுவில ஓடினது பெரிய கொம்பன். முதல்தரம் எனக்கே மான் தெரிஞ்சது.

இருநூறு அடி தள்ளி ஜெசிந்தா குப்புறப் படுத்திருந்தவ. துவக்கை நீட்டி, அந்தக் கொம்பனைத்தான் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா.

எழும்பி வந்தா. சுகந்தி என்னைப் பேசின பேச்சு இஞ்ச எழுதேலாது. ஜெசிந்தா நிலத்தில கிடந்த பாதித் தேங்காயைப் பாத்தா, என்னைப் பாத்தா... வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா.

"நாலு வருஷம் காத்து நிண்டனான் அத்தான். இன்னும் பொழுதுபடுமட்டும் இருக்குத்தானே. அதைப் பொறுக்கித் தாங்கோ, நடக்கேக்க சாப்பிடுவம்."

மனிசியைச் சமைக்கிற இடத்தில அன்ரனோட விட்டிட்டு நாங்கள் மூண்டு பேரும் நடந்தம். ஜெசிந்தா மானின்ர காலடித் தடம் பாப்பா, பவுடர் கொஞ்சம் ஊதிக் காத்து எந்தப் பக்கம் எண்டு பாப்பா, சுத்தி நடப்பா. நாங்கள் பின்னால மூச்சு வாங்குவம். பொழுது சரியிற நேரம் கண்டுபிடிச்சிட்டா. அதே கொம்பன். மலை உச்சியில தனிய நிக்குது.

படுத்தா. குறி பாத்தா. எனக்கு நெஞ்சு அடிக்கிற சத்தத்துக்கே மான் ஓடிடுமோ எண்டு பயம். சுடு பிள்ளை, சுடு... ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். மான் திரும்பி, ஆறுதலா அங்கால் பக்கம் இறங்கிப் போட்டுது.

ஜெசிந்தா எழும்பித் துவக்கில இருந்து குண்டைக் கழட்டினா.

"ஏன் பிள்ளை சுடேல்லை?"

"மானுக்குப் பின்னுக்கு வானம்தானே அத்தான். மண் எண்டாச் சுட்டிருப்பன். குறி தப்பினா, குண்டு எங்க போய் விழும் எண்டு தெரியாது."

"இந்த வனாந்தரத்தில ஆர் இருக்கப் போயினம்?" எண்டான் குகன்.

"ஒருத்தரும் இல்லை எண்டுதானே எல்லாரும் சுடுறவை."

எங்கயோ சுட்ட குண்டு எங்கயோ வந்து விழுந்த ஊர்க்காரர் நாங்கள்.

இறைச்சிக்கெண்டு கொண்டுபோன ரெண்டு ஐஸ் பெட்டியும் வெறுமையாத் திரும்பினது. மான் கறிக்கு வறுத்து வைச்ச தூளில அன்ரன் கோழி சமைச்சான். ஜெசிந்தா ரெண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிட்டா. முகத்தில ஒரு சலிப்பு இல்லை.

இப்ப எங்கட அஜக்ஸ் வீட்டுப் பின்வளவுக்கு மான் தன்ர பாட்டுக்கு வந்து சுகந்தியின்ர ரோசாக் கண்டைத் திண்டிட்டுப் போகுது. பைனாகுலர் தேவையில்லை, எனக்கே தெரியுது.

ஜெசிந்தாவுக்கு அதுக்குப் பிறகு ரெண்டு தரம் குலுக்கலில விழுந்தது. ரெண்டு மான் சுட்டவ. படம் வட்ஸ்அப்பில வந்தது. எல்லாரும் கைதட்டிப் போட்டம். நல்ல படங்கள்தான்...

ஆனா என்ர மச்சாள் எப்பிடிப்பட்ட வேட்டைக்காரி எண்டு ஆருக்கும் காட்டவேணும் எண்டா, வெறுந்துவக்கைத் தோளில போட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்னால அந்த மலை இறங்கி வந்தவவைத்தான் காட்டவேணும். அண்டைக்கு ஒருத்தரும் படம் எடுக்கேல்லை. மான் கிடைக்கேல்லை, என்னத்தை எடுக்கிறது எண்டு இருந்திட்டம்...