கிரகப்பிரவேசத்தன்று திரும்பிப் போன டெம்போ

தம்பியின் மூச்சிரைப்புதான் எங்களை ஸ்ரீராம்புரத்தை விட்டுக் கிளப்பியது. சந்து முழுக்கத் தூசி, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். நெபுலைசரும் கையுமாக விடிய விடிய உட்கார்ந்திருந்த அம்மாதான் அப்பாவை நச்சரித்து, ஊருக்கு வெளியே சந்தாபுராவுக்கும் அப்பால் ஒரு புது லேஅவுட்டில் வீடு கட்ட வைத்தாள். எனக்கு அப்போது எட்டு வயது. என்னை யார் கேட்டார்கள்?

கிரகப்பிரவேசத்துக்குச் சந்தே டெம்போ பிடித்து வந்தது. காற்றை மெச்சினார்கள், வெளிச்சத்தை மெச்சினார்கள், வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். விருந்து முடிந்தால் வீட்டுக்குத்தானே போகவேண்டும்? பழைய பக்கத்து வீட்டு அத்தையின் மடியில் படுத்துத் தூங்கிப்போனேன். எங்கள் சந்தில் யார் பிள்ளை யார் மடியில் கிடந்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அம்மாதான் அனுப்பியிருப்பாள் என்று அத்தையும் இருந்துவிட்டார்.

இறங்கியதும் ஓடிப்போய் எங்கள் கதவைத் தள்ளினேன். யாரோ ஒருவர் ஸ்டூல் மேல் நின்று சுவரில் டிவி மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் அடுப்படியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "யாரும்மா நீ? யார் வேணும்?" என்றாள். என் வீட்டில் என்னையே! அதற்கப்புறம் நான் போட்ட கூச்சலில் சந்தே கூடிவிட்டது. அத்தை அப்பாவுக்குப் போன் போட்டார். எடுக்கவே இல்லை.

ஏன் எடுக்கவில்லை என்பது அப்பாவும் அம்மாவும் கார் பிடித்து வந்து இறங்கியபோதுதான் தெரிந்தது. அப்பாவின் பட்டு வேட்டி தொப்பலாக நனைந்து, மார்வரை சேறு. அந்த லேஅவுட்டில் பாதி மனைகளில் தரையில் தோண்டி மூடி போடாத தண்ணீர்த் தொட்டிகள். என்னைக் காணோம் என்றதும் அடுத்த மனைத் தொட்டிக்குள் இறங்கித் துழாவியிருக்கிறார். வீட்டில் கிடந்த போன் அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் அம்மா எடுத்துக் கத்தும்வரை அவர் மேலே ஏறவில்லையாம். நன்றாக வாங்கப்போகிறேன் என்று அத்தைக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் அடிக்கவில்லை. என் தலையை, தோளை, காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அதைப் பார்த்தபிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

அம்மா என் பக்கமே வரவில்லை. தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அத்தை வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். நேரமாகிறது என்று அப்பா கூப்பிட்டுப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பிள்ளைதான் கிடைத்துவிட்டாளே, இன்னும் என்ன அழுகை, அவளைத் திட்டாதே என்று அத்தை சமாதானம் சொன்னார்.

"அவளை எதுக்குத் திட்டப்போறேன்க்கா," என்றாள் அம்மா. "டெம்போ கிளம்பறப்ப நானும் ஏறிடலாம்னுதான் பார்த்தேன். இவனுக்காக நின்னுட்டேன்."

காலிப் பாயசப் பாத்திரங்களுக்கு நடுவே, பட்டுப் புடவையோடு அம்மா டெம்போவில் குந்தியிருப்பதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் சிரித்தேன்.